பழைய ரவை பெல்ட் சேகரிக்கிற ஆக்கள் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று பக்கம் பழைய சாமான் சேகரிக்கிற ஆக்கள் கொஞ்சப் பேர் இருக்கம். ஆளுக்கொரு பிடிப்பு, சிலருக்கு காசு, சிலருக்கு முத்திரை, சிலருக்கு பழைய பூட்டு, எனக்கு அந்தக் காலத்து ஆமிக்காரர் துவக்கு ரவை கொண்டுபோன பெல்ட், பண்டோலியர், பவுச் இதுகள். போன்லயும் சந்தையிலயும் கலியாண வீட்டிலயும் ஆக்கள் கேக்குற கேள்வி கிட்டத்தட்ட ஒண்டுதான், அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதிவைக்கிறன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டிருக்கன், லேசானது முதல்ல, சிக்கலானது பின்னால.

ரவை பெல்ட் எண்டா இடுப்பில கட்டுறது மட்டும்தானா?

இல்ல. ஆள் உடம்பில ரவை கொண்டுபோக செஞ்ச எல்லாத்தையும் நாங்க இதுக்குள்ள சேக்குறம். ஒவ்வொரு ரவைக்கும் ஒரு வளையம் வச்ச இடுப்புப் பெல்ட் ஒரு வகை. வளையத்துக்குப் பதிலா மூடி வச்ச பவுச், அதாவது சின்னப் பை, வரிசையா இருக்கிறது அடுத்த வகை. தோளில இருந்து குறுக்க மாட்டுறது பண்டோலியர். இதுகளோட மெசின் கன்னுக்குள்ள ஓடுற நீட்டுப் பட்டியும் சந்தைக்கு வரும், அது ஆள் கட்டுற சாமான் இல்ல, துவக்குட பாகம். அதப்பத்தி கீழ தனியா எழுதியிருக்கன்.

இதெல்லாம் வச்சிருந்தா பொலிஸ் பிடிக்காதா அண்ணே? அம்மா வீட்டுக்குள்ளயே எடுக்க விடுறா இல்ல.

அம்மாட பயத்த நான் குறை சொல்லவே மாட்டன். எங்கட ஊர்ல ஒரு ஆமி சப்பாத்து வீட்டில கிடந்ததுக்கே ஆக்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அதால சட்டத்துக்கு மேலயும் நாங்களா ஒரு கோடு கீறிக்கொள்ளணும். துவக்குக்கு 1916ம் வருஷத்துச் சட்டம் இருக்கு, வெடிபொருளுக்கு 1956ம் வருஷத்துச் சட்டம் இருக்கு, லைசன்ஸ் இல்லாம துவக்கு, உயிருள்ள ரவை, வெடிமருந்து எதையும் கையால தொடாதீங்க. வெறும் துணி, தோல், பித்தளை மட்டும்தான் எங்கட சேகரிப்பு.

என்ட கோடு இதுதான்: கடைசி யுத்தத்துச் சாமான் எதுவும் வேணாம், எந்தப் பக்கத்துச் சாமான் எண்டாலும் வேணாம், புள்ளி போட்ட ஆமித் துணி வேணாம், பெல்ட்ட இடுப்பில கட்டி ரோட்டில போறதும் வேணாம். வாங்கின இடம், திகதி, விலை மூண்டையும் ஒரு கொப்பில எழுதி, ரசீது இருந்தா அதையும் ஒட்டி வைங்க. ஆராவது வந்து கேட்டா அந்தக் கொப்பத்தான் முதல்ல காட்டணும். அம்மாவுக்கும் அதக் காட்டுங்க, 1908ம் வருஷத்து மாடல் எண்டு விளங்கினா மனுஷிட பயம் பாதி குறையும்.

வளவு வெட்டக்குள்ள ரவையும் துருப்பிடிச்ச ஒரு பட்டியும் வந்திச்சு. கழுவி எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. மண்வெட்டிய அங்கனயே வச்சிட்டு, சின்னப் புள்ளைகள அந்தப் பக்கம் விடாம, 119க்கு அடிச்சுச் சொல்லுங்க. இரும்பு லிங்க் ஒண்டோட ஒண்டு கொளுவின பட்டி எண்டா அது பெரும்பாலும் கிட்டடிச் சாமான், பழம்பொருளும் இல்ல. ரவை ஒண்டு வந்த இடத்தில வேற என்ன கிடக்கு எண்டு ஆருக்கும் தெரியாது.

றங்குப்பெட்டிக்குள்ள கிடந்த பழைய பவுச்சுக்குள்ள ரவை இருந்தாலும் இதே கதைதான். ஆட்டிப் பாக்காதீங்க, முனையக் கழட்டாதீங்க. பார்வைக்கு வைக்க வெறுங்கோது கூட வேணாம் எண்டுதான் நான் சொல்லுவன், மரத்தில கடைஞ்ச குச்சி போதும்.

எங்கட பக்கத்துக்கு இந்தச் சாமான் எல்லாம் எப்படி வந்திச்சு?

கொஞ்சம் கொஞ்சமா, கன வழியால. 1900ல இருந்து 1902 வரைக்கும் தென்னாபிரிக்காவில பிரிட்டிஷ் ஆமியோட சண்டை பிடிச்சுப் பிடிபட்ட போயர் எண்ட டச்சு வழிக் குடியேறிகள் கிட்டத்தட்ட 5000 பேரக் கைதியா இஞ்ச கொண்டுவந்து தியத்தலாவையில வச்சிருந்தாங்க, அவங்களக் காத்த ஆமியும் வந்திச்சு. அதுக்கு முதலே இலங்கைத் தொண்டர் படைகள் இருந்திச்சு. மறுகா 1942ல சிங்கப்பூர் விழுந்த உடன இலங்கை முழுக்க ஆமி, நேவி, ஆகாயப்படை எண்டு நிரம்பிச்சு. அந்த ஏப்ரல் 5ல கொழும்பு, 9ல திருகோணமலை எண்டு ஜப்பான்காரன் குண்டு போட்டான், அதே 9ம் திகதிதான் எங்கட கடலுக்கு நேர ஹெர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் தாண்டது. 1944ல தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகமே கண்டிக்கு வந்திட்டு. யுத்தம் முடிய மிஞ்சின சாமான் ஏலத்தில போச்சு, வேலை செஞ்ச ஆக்கள் கையிலயும் போச்சு. 1949 ஒக்டோபர் 10ல இலங்கை ஆமி தொடங்கக்குள்ளயும் பாவிச்சது பிரிட்டிஷ் சாமான்தான்.

இதோட அம்பாறைப் பக்கம் வேட்டைத் துவக்குச் சாமான் தனியாக் கிடக்கு. பண்டிக்கும் யானைக்கும் வயல் காக்க லைசன்ஸ் துவக்கு வச்சிருந்த வீடுகள்ல தோட்டா பெல்ட்டும் இருந்திச்சு. ஆமி பெல்ட் எண்டு எனக்கிட்ட வாறதில கனக்க இந்த வகைதான்.

எங்கட மூத்தாப்பாட தோல் பெல்ட் ஒண்டு இருக்கு, 25 வளையம். வெள்ளக்கார ஆமி ஒருத்தர் குடுத்தது எண்டு வாப்பா சொல்றார். ஆமிப் பெல்ட்தானா?

25 வளையம், ஒவ்வொண்டும் பெருவிரல் போற அளவு எண்டா அது 12 போர் எண்ட குழல் அளவு வச்ச வேட்டைத் துவக்குட தோட்டா பெல்ட். வெள்ளக்காரர் குடுத்தது உண்மையா இருக்கலாம், தோட்டத் துரைமார், காட்டுக் கந்தோர் துரைமார் எல்லாம் வேட்டைக்குப் போன ஆக்கள்தான். ஆமி ரைபிள் ரவை இதில கால்வாசி இறுக்கம் கூட இல்லாம கீழ விழும்.

அதுக்காகத் தூக்கி எறியாதீங்க. சம்மாந்துறையில, இறக்காமத்தில வயல் காவல் எப்படி நடந்திச்சு எண்டு காட்ட இப்ப மிஞ்சிக் கிடக்கிற சாமான் இதுதான். வாப்பா சொல்ற கதைய அவர்ட வாயால போன்ல ரெக்கோட் பண்ணி, பெல்ட்டோட சேத்து வைங்க. ஆமிப் பெல்ட் எண்டு விக்க மட்டும் போகாதீங்க.

வளையத்த எப்படி அளக்கிற? ரவையே இல்லாம எந்த ரவைக்கு எண்டு கண்டுபிடிக்க ஏலுமா?

ஏலும், சின்னக் கணக்குத்தான். வளையத்த மெதுவா தட்டையா அமத்தி, உள்ளகலத்த மில்லிமீட்டர்ல அளங்க. அத ரெண்டால பெருக்கி 3.14ஆல பிரிச்சா ரவைட தடிப்பு வரும். 18 மில்லிமீட்டர் எண்டா தடிப்பு ஏறக்குறைய 11.5, அது பிரிட்டிஷ் ஆமி ரைபிள்ட .303 ரவை. 20 மில்லிமீட்டர் எண்டா 12.7 வரும், அது .45-70 எண்ட பழைய அமெரிக்கன் ரைபிள் ரவை கிட்ட நிக்குது. 27 எண்டா 17 வரும், மார்ட்டினி ஹென்றி எண்ட பழைய பிரிட்டிஷ் ரைபிள்ட தடிச்ச ரவை. 32 எண்டா 20க்கு மேல, அது மேல சொன்ன 12 போர்.

ஒரு வளையத்த மட்டும் அளந்திட்டு முடிவெடுக்காதீங்க. ஓரத்து வளையம் பாவிப்பில இழுபட்டிருக்கும், நடுவில ஒரு அஞ்சாறு அளந்து பாருங்க. பழைய தோல் காய்ஞ்சு சுருங்கும், அதால ஒண்டு ஒண்டரை மில்லிமீட்டர் குறைஞ்சு காட்டும். இழுத்து அமத்தினா வெடிச்சிடும், தோல் காய்ஞ்சு கிடந்தா அமத்தவே வேணாம், ஒரு கடதாசித் துண்ட சுருட்டி உள்ளுக்கு விட்டு, அது தானா விரிஞ்சு நிக்கிற அளவ எடுங்க.

ஒரு பெல்ட் கையில கிடைச்சா நீங்க முதல்ல எதப் பாக்குறீங்க? நான் உள்ளுக்கு இருக்கிற சீலத்தான் தேடுறன்.

சீல கடைசியாப் பாருங்க. இந்தப் பக்கத்தில வேற எதுவும் வாசிக்காட்டியும் இத மட்டும் வாசிங்க. சீல் எண்டது மை, எந்த அச்சகத்திலயும் றப்பர் ஸ்டாம்ப் வெட்டி அடிக்கலாம். 1915 எண்டு முதல்லயே கண்டிட்டா மறுகா கண்ணு எல்லாத்தையும் 1915 ஆக்கிப்போடும்.

நான் பாக்கிற ஒழுங்கு: முதல் எண்ணிக்கை, எத்தின வளையம் எத்தின பவுச் ஒவ்வொண்டுக்கும் எத்தின ரவை போகும் எண்டு. அடுத்து மூடி எப்படிப் பூட்டுது எண்டு. மூண்டாவது பவுச் பெல்ட்டோட சேந்து நெய்ததா, தைச்சதா எண்டு. நாலாவது பித்தளைட தடிப்பும் தேய்வும். இவ்வளவும் ஒரு கதையச் சொல்லி, கடைசியாப் பாக்கிற சீலும் அதே கதையச் சொன்னா சாமான் சரி. நாலும் ஒண்டச் சொல்லி சீல் வேற சொன்னா நான் நாலத்தான் நம்புவன்.

தோல் நல்லா உழைக்கும்தானே, பிறகு ஏன் துணிக்குப் போனாங்க?

பித்தளை, செம்பு ரவைய தோல் வளையத்துக்குள்ள கன நாள் வச்சா தோல் பதனிடப் பாவிச்ச அமிலம் செம்பில பட்டு பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடிச்ச ரவை வளையத்துக்குள்ளயே ஒட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது, வந்தாலும் துவக்குக்குள்ள சிக்கும். சண்டையில நிக்கிற ஒருத்தனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அமெரிக்காவில குதிரைப் படைக்காரங்களே தோல் வளையத்த விட்டுட்டு கன்வஸ் துணியில வளையம் தைச்சுப் பாவிக்கத் தொடங்கினாங்க, 1876ல ஆமியே துணி வளையம் வச்ச பெல்ட்டக் குடுத்திச்சு.

உங்கட பழைய தோல் பெல்ட்டில வளையத்துக்குள்ள பச்சையா மெழுகு மாதிரி கிடந்தா அதுதான் அந்தக் களிம்பு. சுரண்டி எறியாம முதல்ல படம் எடுங்க, பெல்ட் உண்மையா ரவையோட இருந்திச்சு எண்டதுக்கு அது ஒரு அடையாளம்.

மில்ஸ் பெல்ட், மில்ஸ் பெல்ட் எண்டு எல்லாரும் சொல்றாங்களே, அதில என்ன விசேஷம்?

அன்சன் மில்ஸ் எண்டவர் அமெரிக்க ஆமி அதிகாரி. முதல்ல வளையம் தைச்ச பெல்ட்டுக்குப் பேட்டன்ட் எடுத்தார், மறுகா ஓர்ண்டோர்ப் எண்டவரோட சேந்து மசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர்ல பெல்ட்டையும் வளையத்தையும் ஒரே நெசவில தறியிலயே நெய்யிற முறையக் கொண்டுவந்தார். தையலே இல்ல, அதால பிரியவும் மாட்டாது. வளையத்திட அடிய விரலால தடவிப் பாருங்க, நூல் தையல் ஒண்டும் படாது, பெல்ட்டுட பாவு நூலே மேல எழும்பி வளையமாகி திரும்ப பெல்ட்டுக்குள்ள போகும். மருதமுனையில தறி பாத்து வளந்த ஆக்களுக்கு இதக் காட்டினா உடன விளங்கும், அவங்க சொல்ற விளக்கம் என்னட விளக்கத்த விட நல்லா இருக்கும்.

பிறகு வளையம் போய் பவுச் வந்திச்சு, பவுச்சையும் அதே மாதிரி நெய்தாங்க. பிரிட்டிஷ் ஆமிட 1908 செட்டும் மில்ஸ் கம்பனிட சாமான்தான்.

பிரிட்டிஷ் சாமான்ல 1903, 1908, 1937 எண்டு சும்மா சொல்றீங்க, பாத்த உடன எப்படிப் பிரிக்கிற?

இந்த வருஷங்கள் மாடல்ட பேர், பிரிட்டிஷ் சாமான்ல அதப் பட்டேர்ன் எண்டு சொல்றது. 1903 தோல். போயர் யுத்தத்தில பாவிச்ச 50 வளையப் பண்டோலியர்ல இருந்து ரவை கழண்டு வழியெல்லாம் விழுந்திச்சு, மழையும் புழுதியும் பட்டிச்சு, அதால மூடி வச்ச பவுச்சுக்கு மாத்தினாங்க. பிரவுண் தோல் பட்டியில 5 பவுச், ஒவ்வொண்டிலயும் 10 ரவை, பூட்ட பித்தளைக் குமிழ். குதிரைக்காரங்களுக்கு முதுகுப் பக்கமும் 4 பவுச் சேத்து 9, அதாவது 90 ரவை. தனி வளையம் 50 இருந்தா அது இதுக்கு முந்தினது. இந்தியாவில செஞ்சதும் கிடைக்கும், தோலில கான்பூர்ச் சீல் இருந்தா அதிசயப்படாதீங்க, அங்க பெரிய தோல் தொழிற்சாலைகள் இருந்திச்சு.

1908 துணி. பெல்ட் 3 இஞ்சி அகலம், ரெண்டு பக்கமும் ஒரு கொத்துப் பவுச், கீழ 3 மேல 2, ஒரு பவுச்சுக்கு 15 ரவை, ரெண்டு பக்கமும் சேத்து 150. மேல ரெண்டு கீழ மூண்டு எண்ட அந்த அடுக்க ஒருக்கா கண்டா மறக்க மாட்டீங்க. 1914ல யுத்தம் வெடிச்ச உடன தறிக்காரர் ஈடு குடுக்க ஏலாமப் போக, தோல்ல ஒரு செட் செஞ்சாங்க, அதுதான் 1914 பட்டேர்ன், பக்கிள்ல பாம்பு மாதிரி வளைஞ்ச கொக்கி.

1937ல பெல்ட் ஒல்லியாகி 2¼ இஞ்சிக்கு வந்திட்டு. ரெண்டு பெரிய பெட்டிப் பவுச், பிரென் எண்ட மெசின் கன்ட மகசின், அதாவது ரவைப் பெட்டி, போற அளவில. நீலச் சாம்பல் நிறத்தில கண்டா அது ஆகாயப்படைச் சாமான். கடும்பச்சையில மெல்லிசா பாரமில்லாம இருந்தா 1944 பட்டேர்ன், எங்கட மாதிரி ஈரக் காட்டு நாட்டுக்கு எண்டே செஞ்சது.

1937 பட்டேர்ன் எண்டு சொல்றீங்க, உள்ளுக்கு 1944 எண்டு அடிச்சிருக்கே, அப்ப போலிதானா?

இல்ல. பட்டேர்ன் வருஷம் அந்த அமைப்பு அங்கீகாரம் எடுத்த வருஷம், சீல் வருஷம் அந்தத் துண்டு செஞ்ச வருஷம். 1937 அமைப்ப 1950களிலயும் செஞ்சுகொண்டுதான் இருந்தாங்க. பட்டேர்ன் வருஷத்துக்கு முந்தின திகதி சீல்ல இருந்தாத்தான் பயப்படணும்.

சீல்ல அம்புக்குறி இருக்கு, ஆனா சுத்திவர ஒரு எழுத்தும் கிடக்கு. எந்த நாடு?

வெறும் அம்பு பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. ஆங்கில சி எழுத்துக்குள்ள அம்பு நிண்டா கனடா. ரெண்டு டிக்கு நடுவில அம்பு எண்டா அவுஸ்திரேலியா. யூக்குள்ள எண்டா தென்னாபிரிக்கா. அம்போட ஐ எழுத்து எண்டா இந்தியா. ரெண்டு அம்பு முனையோட முனை முட்டிக்கொண்டு நிண்டா அது வேற நாடு இல்ல, அரசாங்கம் அந்தச் சாமான வித்துத் தள்ளிப்போட்டது எண்ட அடையாளம். அந்தச் சீல் உள்ள பெல்ட்ட வாங்க எனக்கு மனசு இன்னும் லேசு, ஏனெண்டா அது முறையா வெளிய வந்த சாமான்.

அமெரிக்கன் பெல்ட் ஒண்டு எடுத்தன், ஒரு பக்கம் 5 பவுச், மற்றப் பக்கம் 4. ஒண்டு பிஞ்சு போச்சு எண்டு விலை குறைச்சுத் தந்தாங்க. ஏமாந்திட்டனா?

பவுச் இல்லாத இடத்தில அறுந்த நூல், தையல் ஓட்டை ஏதும் இருக்கா எண்டு பாருங்க. சுத்தமா, மூட்டாத துணியா இருந்தா அது குதிரைக்காரங்கட பெல்ட், அதில 9 பவுச்தான். வெறும் இடம் கைத்துவக்கு மகசின் பவுச் மாட்ட விட்டது. நடைப்படைக்கு 1910 மாடல்ல 10 பவுச், ஒவ்வொண்டிலயும் 5 ரவையச் சேத்துப் பிடிக்கிற கிளிப் ரெண்டு, மொத்தம் 100 ரவை. 9 பவுச்சுக்காரன் குறைவாத்தான் செஞ்சாங்க, நல்ல சாமான் எடுத்திருக்கீங்க.

மூடிட பட்டனையும் பாருங்க. கழுகு பொறிச்ச குமிழ்ப் பட்டன் எண்டா முந்தினது. யுத்தம் பெருக்க, ஒரு பக்கம் மட்டும் தூக்கினாத் திறக்கிற லிப்ட் த டொட் பட்டனுக்கு மாறினாங்க, 1918 திகதிக்காரன் கனக்க இப்படித்தான். 1923 மாடலும் 10 பவுச்தான், அதில கேரண்ட் ரைபிள்ட 8 ரவைக் கிளிப்பும் போகும். நிறம் வெளிர் காக்கி எண்டா முந்தினது, 1943க்குப் பிறகு செஞ்சது கடும்பச்சைப் பக்கம் போகும், ஆனா வெயில்ல வெளிறினதையும் யோசிச்சுப் பாக்கணும், மூடிக்கு அடியில இருக்கிற துணிதான் உண்மை நிறம்.

மெல்லிய காக்கித் துணியில 5 பொக்கெட், ஒரு நீட்டுப் பட்டி, பக்கிளும் இல்ல. இதென்ன தையல்காரர் செஞ்சதா?

அது .303 ரவை வந்த துணிப் பண்டோலியர். தொழிற்சாலையிலயே ஒரு பொக்கெட்டுக்கு 10 வீதம் 50 ரவை போட்டு பெட்டிக்குள்ள அடுக்குவாங்க, ஆமிக்காரன் தோளில போட்டு, முடிஞ்ச உடன எறிஞ்சிடுவான். எறியச் செஞ்ச சாமான் எண்டதாலயே நல்ல நிலையில மிஞ்சினது பாக்கச் சந்தோஷமா இருக்கும். புதுசாத் தொடங்குற ஆக்களுக்கு நான் முதல்ல இதத்தான் வாங்கச் சொல்லுவன், விலை குறைவு, வெளிப்பக்கம் சீல் தெளிவா இருக்கும், வாசிச்சுப் பழகலாம்.

நீட்டு வெள்ளைத் துணி, இடைக்கிடை பித்தளைத் தகடு. தோளில குறுக்கப் போடுறதுதானே?

இதுதான் முதல்ல சொன்ன மெசின் கன் பட்டி. விக்கர்ஸ் துவக்குட பட்டி முழுசா எண்டா 250 ரவைக்கு. ரெண்டு துணிப் பட்டிய பித்தளைத் தகட்டால இடைவெளி விட்டு இணைச்சிருப்பாங்க, அந்த இடைவெளிக்குள்ளதான் ரவை. துண்டு துண்டா வெட்டி விக்கிறாங்க, அதால நுனி ரெண்டும் பாருங்க. ஒரிஜினல் நுனியில துவக்குக்குள்ள விட்டு இழுக்க பித்தளை நாக்கு இருக்கும், வெட்டின துண்டில நூல் பறக்கும். வெட்டினது பிழை இல்ல, முழுப் பட்டி விலை சொல்லி வெட்டினத வாங்காதீங்க, அவ்வளவுதான்.

ஊத்தையாக் கிடக்கு, சன்லைட் போட்டுக் கழுவலாமா?

வேணாம். நீங்க ஊத்தை எண்டு நினைக்கிறது கனக்க பிளாங்கோ, அந்தக் காலத்து ஆமிக்காரன் தண்ணியில குழைச்சு பிரஷ்ஷால பூசின நிறக் கட்டி. தண்ணி பட்டா அது கரையும், சீல் மையும் போகும், தடிச்ச பருத்தித் துணி சுருங்கி பவுச் கோணும். மெல்லிய பிரஷ்ஷால தூசியத் தட்டுங்க, வக்கியூம் இருந்தா வாயில நுளம்பு வலைத்துண்டு ஒண்டக் கட்டி மெதுவா இழுங்க. பித்தளைக்கு பிராசோ போடாதீங்க, துணியில இறங்கி வெள்ளையாக் காயும், அத எடுக்கவே ஏலாது.

தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினா மினுங்கும் எண்டு எல்லாரும் சொல்றாங்களே?

ரெண்டு கிழமைக்கு மினுங்கும். மறுகா எண்ணெய் காறும், எறும்பும் கரப்பானும் வரும், தையல் நூல் உக்கும், பித்தளை ஆணியச் சுத்தி மேல சொன்ன பச்சை மெழுகு இன்னும் கூடப் பிடிக்கும். காய்ஞ்ச துணியால துடைச்சு விடுங்க, அது போதும். கையில சிவப்பா மா மாதிரி ஒட்டுற தோல் எண்டா அது உள்ளுக்கே சிதையத் தொடங்கினது, எந்த எண்ணெயும் அதத் திருப்பித் தராது, வளைக்காம மடிக்காம தட்டையா ஒரு பலகையில வச்சு வெள்ளைத் துணியால மூடுங்க.

மாரி வந்தா எல்லாத்திலயும் பூஞ்சணம். ஏசி போடவும் வசதியில்ல, என்ன செய்யலாம்?

வாடை தொடங்க முதலே ஆயத்தம் பண்ணணும். கச்சான் அடிக்கிற மாசங்கள்ல, நிழல்ல, காத்தோட்டத்தில நல்லா உலர விட்டு, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. நிறம் மாறுற வகை வாங்கினா எப்ப சூடாக்கித் திருப்பிப் போடணும் எண்டு தெரியும். ஈரமாக் கிடக்கிற சாமானப் பெட்டியில போட்டு மூடினா உள்ளுக்கே அவிஞ்சு போகும். தோல் மட்டும் கச்சானிலயும் கவனம், அந்தச் சூட்டுக் காத்தில நேர வச்சா வெடிக்கும், அத உள்ளறையில வைங்க. பவுச் சப்பிப் போகாம உள்ளுக்கு பழைய வெள்ளைப் பருத்தித் துணியச் சுருட்டி வைக்கலாம், பேப்பர் வேணாம்.

துணியில பூச்சி அரிச்சிருந்தா சிப்லொக் பையில காத்தெடுத்து இறுக்கிப் பூட்டி டீப் பிரீசர்ல ரெண்டு கிழமை வைங்க. வெளிய எடுத்த உடன பையத் திறக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே விட்டு வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகுதான், இல்லாட்டி வேர்த்து நனையும்.

ஹெர்மிஸ் கப்பல்ல இருந்து எடுத்த பெல்ட் எண்டு ஒருத்தர் விக்கிறார். வாங்கலாமா?

வேணாம், ரெண்டு காரணம். அந்தக் கப்பலோட 307 பேர் போனாங்க, எங்கட கடலுக்கடியில கிடக்கிற புதைகுழி அது, அங்க இருந்து ஒரு ஆணி கூட எடுக்கக் கூடாது எண்டுதான் நான் நினைக்கிறன். மற்றது, பருத்தித் துணி சூடான உப்புத் தண்ணியில இவ்வளவு வருஷம் கிடந்து மடிப்புக் கலையாம வெளிய வராது. துணி முழுசாவும் சீல் தெளிவாவும் இருந்தா அது கடலையே காணாத சாமான், கதைக்கு விலை சொல்றாங்க.

போலிய எப்படிக் கண்டுபிடிக்கிற? கடையில காசு நோட்டுப் பாக்கிற ஊதா லைட் அடிச்சா தெரியும் எண்டாங்க.

லைட் நல்லது. பழைய பருத்தி ஊதா லைட்டில மங்கலாக் கிடக்கும், புது நூலில வெளுப்புக் கூட்டுற இரசாயனம் இருந்தா நீல வெள்ளையா எரியும், அந்த இரசாயனம் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான் பரவலா வந்திச்சு. துணி மங்கலா இருந்து தையல் நூல் மட்டும் எரிஞ்சா பிறகு தைச்சது. பித்தளைய காந்தத்தில பிடிங்க, ஒட்டினா இரும்பில பூச்சு. யுத்தக் காலத்தில இரும்பு பாவிச்ச ஒரிஜினலும் இருக்கு, அதால காந்தத்த மட்டும் வச்சுத் தீர்ப்புச் சொல்லாதீங்க. தேய்வையும் பாருங்க, உண்மையாப் பாவிச்ச பெல்ட்டில பக்கிள் உரசுற இடமும் பவுச் மூடிட ஓரமும்தான் தேஞ்சிருக்கும், போலியில எல்லா இடமும் ஒரே அளவா தேச்சிருப்பாங்க.

என்ட 1908 பெல்ட் ஊதா லைட்டில பளீரெண்டு எரியுது. ஆனா நெசவு, பித்தளை, எண்ணிக்கை, சீல் எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. எத நம்புற?

ஆரோ சோப் பவுடர்ல கழுவியிருப்பாங்க, அதிலயும் அதே இரசாயனம்தான். பவுச்சத் திறந்து உள் மூலைக்குள்ளயும், பக்கிள் மறைக்கிற துணிலயும் லைட்ட அடிங்க. வெளிய எரிஞ்சு உள்ளுக்குத் திட்டுத் திட்டா எரிஞ்சா கழுவின ஒரிஜினல். நூல் நூலா உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே மாதிரி எரிஞ்சா புதுத் துணி. பருத்தி நூலும் பிளாஸ்டிக் நூலும் பிரிக்க, ஏற்கனவே கழண்டு தொங்குற ஒரு நூல்துண்டு நெருப்பில காட்டிப் பாக்கலாம், பருத்தி சாம்பலாகும், மற்றது உருகி உருண்டையாகும். சொந்தப் பெல்ட்டில மட்டும் செய்யுங்க.

1908 பவுச் ரெண்டு பக்கமும் வாங்கினன். ஒண்டில கீழ்ப் பவுச்சில மட்டும் மேலதிகமா ஒரு பட்டி இருக்கு, மற்றதில இல்ல. ஜோடி மாறிப்போச்சா?

பட்டி இருக்கிறது இடது பக்கமா எண்டு பாருங்க. இடது எண்டா சரியான ஜோடி. பதுங்குகுழிட மண்சுவர்ல சாஞ்சு சுடக்குள்ள இடது பக்கக் கீழ்ப் பவுச் மண்ணில உரசித் திறந்து ரவை கொட்டுண்டிச்சு, அதால 1914 ஒக்டோபர்ல இருந்து இடப்பக்கத்துக்கு மட்டும் பட்டி வச்சு செஞ்சாங்க. ரெண்டிலயும் பட்டி இல்லாட்டி முந்தின அமைப்பு, அது தேடிக் கிடைக்காத சாமான்.

அமெரிக்கன் பெல்ட்டில ரெண்டு பாதியிலயும் வேற வேற கம்பனிச் சீல். பிரிச்சு சரியான பாதி தேடிச் சேக்கட்டா?

பிரிக்காதீங்க. 1910, 1923 ரெண்டு மாடலுமே 5 பவுச்சு வச்ச ரெண்டு பாதிய முதுகில ஒரு பட்டியால இணைச்சுத்தான் கட்டுறது. பிஞ்ச பாதிய மாத்தி, நல்ல பாதிய வச்சுக்கொண்டு ஆமியே திரும்பக் குடுத்திருக்கு, அதால கலந்த ஜோடி பிழை இல்ல. இணைக்கிற பட்டிட தேய்வு ரெண்டு பாதியிலயும் ஒத்துப்போகுதா எண்டு மட்டும் பாருங்க. ஒத்துப்போனா அந்த ரெண்டும் கன வருஷம் ஒண்டா இருந்ததுகள், அப்படியே வச்சு ரெண்டு சீலையும் கொப்பில எழுதுங்க. ஒரு பாதி வெளிறி மற்றப் பாதி புதுசா, தேய்வும் பொருந்தாம இருந்தா விக்கிறவர் சேத்தது, அப்ப ரெண்டு தனிப் பாதிட விலைக்கு மேல குடுக்காதீங்க.